தீப்பெட்டியும் கவிதைப் புத்தகமும்

எழுதியவனே கடன் வாங்கிப் புத்தகம் போடத் துணிவது எதற்காக என்ற கேள்விக்கு, சுப்பிரமணிய பாரதி 1920-இல் கடையத்திலிருந்து நண்பர்களுக்கு அனுப்பிய சுற்றறிக்கையில் நல்ல விடை கிடைக்கிறது. தம் எழுத்துகளை 40 பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் 10,000 பிரதிகள் அச்சிடுவது திட்டம். ஆக நான்கு லட்சம் பிரதிகள்! ஆளுக்கு நூறு ரூபாயாவது கடனாகக் கேட்டார்; வட்டியும் தருவதாகச் சொன்னார். மண்ணெண்ணெய், தீப்பெட்டியைக் காட்டிலும் சாதாரணமாகவும் விரைவாகவும் அவை விற்றுப்போகும் என்பது அவர் நம்பிக்கை.

கவிஞர் போட்ட கணக்கு என்று சிரித்துவிடலாம். ஆனால் அந்த ஒப்பீட்டை லேசாகத் தள்ள முடியாது. மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் மாளிகைக்கும் குடிசைக்கும் பொதுவான சரக்கு. கவிதையும் அந்த வரிசையில் சேரவேண்டும் என்பது அவருடைய பழைய ஆசை. 1907-இல் வி. கிருஷ்ணசாமி ஐயர் அவருடைய பாடல்கள் சிலவற்றை 15,000 பிரதிகள் அச்சிட்டு இலவசமாக வழங்கினார். ஐயர் மிதவாதி, பாரதியோ தீவிரவாதக் கட்சி. பாட்டு இருவரையும் சேர்த்துவைத்தது. 1908-இல் ‘ஸ்வதேச கீதங்கள்’ நூலாக வந்தது. 1912-இல் ‘பாஞ்சாலி சபதம்’ முதற்பாகத்தின் முகவுரையில், கொஞ்சம் படிக்கத் தெரிந்தவர்க்கும் விளங்கும் எளிய நடையே தமக்கு வேண்டும் என்று காரணத்தோடு சொன்னார். எளிய நடையும் பெரும் பதிப்பும் அவருக்கு ஒரே நோக்கத்தின் இரு பக்கங்கள்.

வயிற்றுப்பாடும் இதில் உண்டு. அதை மறைத்தால் பாதிக் கதைதான். புதுச்சேரியில் பத்தாண்டு கழித்து, 1918 கடைசியில் மனைவியின் ஊரான கடையத்துக்கு வந்தவருக்கு நிலையான வரும்படி இல்லை. 1911-இல் ‘கனவு’, ‘ஆறில் ஒரு பங்கு’ ஆகிய நூல்களுக்கு அரசு தடை விதித்திருந்தது. 1919-இல் எட்டயபுரம் அரசருக்குப் பழைய முறைப்படி சீட்டுக்கவி எழுதி ஆதரவு கேட்டார், பலன் இல்லை. மறு ஆண்டே அரண்மனையை விட்டுச் சந்தையை நோக்கித் திரும்பினார். கொடையாகக் கேட்டவர் இப்போது கடனாகக் கேட்டார். தம் எழுத்துக்கு விலை உண்டு என்ற மிடுக்கு அந்தச் சுற்றறிக்கையில் தெரிகிறது.

பணம் சேரவில்லை. 1921 செப்டம்பரில் பாரதி மறைந்தார். அடுத்த ஆண்டு அவர் மனைவி செல்லம்மாள் ‘பாரதி ஆச்ரமம்’ என்ற பெயரில் பதிப்பிக்கத் தொடங்கினார். 1949-இல் சென்னை மாகாண அரசு பதிப்புரிமையைப் பெற்றது. பின்னர் அது பொதுவாக்கப்பட்டது. அதன்பிறகு யாரும் யாரிடமும் கேளாமல் அவர் பாடல்களை அச்சிட முடிந்தது. மலிவுப் பதிப்புகள் பெருகின.