பால் சுரக்காத தாய்

பந்திங் வட்டாரத் தோட்டமொன்றின் லயத்து வீட்டில் என் தம்பி பிறந்த இரவில், அம்மாவுக்கு விடியும்வரை இரத்தப்போக்கு நிற்கவில்லை. உயிர் பிழைத்தார், நாள்தோறும் மரத்தில் பால் வெட்டியவருக்கு மார்பில் பால் சுரக்கவேயில்லை. அதன்பின் நண்பகல் வெயிலிலும் குளிரென்று போர்த்திக்கொள்வார். வேலைக்காட்டிற்குப் பாதி வழி போகுமுன்பே தளர்ந்து அமர்வார். காற்றுக் கருப்பு என்றார் பாட்டி. சோம்பேறி என்றது ஊர். நானும் ஒருநாள் சினந்து அச்சொல்லைச் சொன்னேன்.

ஆண்டுகள் பல கழிந்து, மருத்துவர் ஷீஹானின் ஆய்வைப் பற்றிப் படித்தேன். கிளாஸ்கோ நகர மகப்பேற்று மருத்துவமனையில் நோய்க்குறியியல் அறிஞராக இருந்த அவர், 1937-இல் அதனை வெளியிட்டார். மூளையின் அடியில் பட்டாணியளவே உள்ள பிட்யூட்டரி சுரப்பி, கருவுற்ற காலத்தில் பருக்கும். பேற்றின்போது பெருமளவில் குருதி இழந்தால், அச்சுரப்பிக்குப் போதிய குருதி எட்டாமல் அதன் திசுக்கள் மடியும். பாலைச் சுரப்பிக்கும் ஹார்மோனும், தைராய்டைத் தூண்டும் ஹார்மோனும் குன்றிப்போகும். தாய்க்குப் பால் வராது. குளிரும் தளர்ச்சியும் வாட்டும். குறைந்தவற்றுள் சிலவற்றை நாள்தோறும் மாத்திரைகளால் ஈடுசெய்யலாம் என்றும் அறிந்தேன்.

அம்மாவுக்கு வந்தது இதுதான் என்று எந்த மருத்துவரும் உறுதி செய்ததில்லை. கேட்டறிய இன்று அவரும் இல்லை.

மாணவர்களே, தளர்ந்திருக்கும் ஒருவரைச் சோம்பேறி என்னுமுன் சற்றே நில்லுங்கள். நான் நிற்கவில்லை.