வீட்டு மேஜையில் விரியும் ஊர்ப் பாதை

தில்லித் தமிழர்களுக்கு ஆர்.கே.புரத்தில் வழி சொல்ல செக்டர் எண்ணே போதும். 7 என்றால் மலை மந்திர். 5 என்றால் தமிழ்ச் சங்கம். 4 என்றால் தமிழ்ப் பள்ளிக்கூடம். வடக்கே ரிங் ரோடு, தெற்கே அவுட்டர் ரிங் ரோடு. நடுவே மத்திய அரசு ஊழியர்களுக்காகக் கட்டிய குவார்ட்டர்ஸ் வரிசைகள். புதிதாக வருகிறவர் கண்ணுக்கு எல்லா பிளாக்கும் ஒன்று போலத்தான் தெரியும்.

ஊருக்குப் போக மட்டும் இங்கே யாரும் வழி கேட்டதில்லை. ஜி.டி. எக்ஸ்பிரஸிலோ தமிழ்நாடு எக்ஸ்பிரஸிலோ ஏறிவிட்டால் மீதியை ரயில் பார்த்துக்கொள்ளும். இப்போது குடும்பத்தோடு காரிலேயே புறப்படுகிறவர்களும் உண்டு. சென்னைக்குச் சுமார் 2,200 கிலோமீட்டர். இந்தத் தூரத்தை மொபைல் போனை மட்டும் நம்பிக் கடக்க நினைப்பவர்கள், புறப்படுவதற்குச் சில நாள் முன்பு வீட்டுக் கம்ப்யூட்டர் முன் அரை மணி நேரம் உட்கார்வது நல்லது.

காரணம் எளிது. போனில் உள்ள வழிகாட்டிச் செயலி அடுத்த திருப்பத்தைச் சொல்லும். கூகுள் மேப்ஸ், மேப்பிள்ஸ் போன்றவற்றை கம்ப்யூட்டரில் திறந்தால் முழுப் பாதையும் ஒரே பார்வையில் கிடைக்கிறது. ஆக்ரா, குவாலியர், ஜான்சி, சாகர், நாகபுரி, ஐதராபாத் என்று இறங்குகிறது 44-ம் எண் தேசிய நெடுஞ்சாலை. சென்னைக்காரர்கள் ஐதராபாத்தில் பிரிந்து நெல்லூர்ப் பக்கம் போகலாம். மதுரைக்காரர்களுக்கு அதே சாலை கர்னூல், பெங்களூரு, சேலம் என்று தொடர்ந்து, கன்னியாகுமரியில்தான் முடிகிறது. எந்த ஊரில் தங்குவது, எந்தக் காட்டுப் பகுதியை இருட்டும் முன் கடப்பது என்பதையெல்லாம் பெரிய திரையில் பார்த்தே முடிவு செய்யலாம்.

வேலையும் சுலபம். கூகுள் மேப்ஸில் வழியில் நிற்கும் இடங்களை வரிசையாகச் சேர்க்கலாம். நீலக் கோட்டை மவுஸால் பிடித்து இழுத்தால் பாதை மாறும். முடிந்ததும் போனுக்கு அனுப்பிவிடலாம். சிக்னல் இல்லாத இடங்களுக்கான வரைபடத்தை மட்டும் போனிலேயே இறக்கி வைத்துக்கொள்ள வேண்டும். போன் செயலியையே எமுலேட்டர் மூலம் கம்ப்யூட்டரில் ஓட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் சாதாரண மேஜைக் கம்ப்யூட்டரில் ஜி.பி.எஸ். கிடையாது, அம்புக்குறி ஆர்.கே.புரத்தை விட்டு அசையாது. திட்டமிட கம்ப்யூட்டர், ஓட்டும்போது போன் என்று பிரித்துக்கொள்வதே சரி.

வரைபடம் இவ்வளவு தாராளமாகக் கிடைப்பது சமீப காலத்துச் சங்கதி. 1767-ல் தொடங்கிய இந்திய சர்வே துறைக்கு ஆர்.கே.புரம் வெஸ்ட் பிளாக்கிலேயே அலுவலகம் உண்டு. அதன் வரைபடங்கள் வெகுகாலம் பாதுகாப்பு விதிகளின் பூட்டுக்குள் இருந்தன. 2005-ம் ஆண்டின் தேசிய வரைபடக் கொள்கை, பொதுமக்களுக்கென்று தனி வரிசையைக் கொண்டு வந்தது. 2017-ல் அவற்றை இணையத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ள வழி பிறந்தது. இந்திய நிறுவனங்கள் வரைபடம் தயாரிக்க முன் அனுமதி தேவையில்லை என்று 2021 பிப்ரவரியில் அரசு அறிவித்தது.

வரைபடங்கள் பெருகின, கூடவே அவற்றின் மீது கண்மூடித்தனமான நம்பிக்கையும் பெருகியது. அதன் விலை 2024 நவம்பரில் தெரிந்தது. உத்தரப் பிரதேசத்தின் பரேலி மாவட்டத்தில், வெள்ளத்தில் ஒரு பகுதி இடிந்திருந்த பாலத்தில் ஏறிய கார் ராம்கங்கா நதியில் விழுந்தது. மூன்று பேர் இறந்தார்கள். செயலி காட்டிய வழியில் அவர்கள் வந்ததாகவும், பாலத்தில் தடுப்பு எதுவும் இல்லை என்றும் செய்திகள் வெளியாயின. பாலத்தை மூட வேண்டியது நிர்வாகத்தின் கடமை. ஆனால் அது தவறினால் போவது பயணியின் உயிர்.

ஆகவே கம்ப்யூட்டரில் செலவிடும் அரை மணியில் முக்கியமான வேலை ஒன்று உண்டு. பத்து நிமிடம் மிச்சமாகும் என்று செயலி காட்டும் குறுக்குவழிகளை சாட்டிலைட் படத்தில் பெரிதாக்கிப் பார்க்க வேண்டும். பாலம் முழுதாக இருக்கிறதா, சாலை எங்காவது அறுந்து நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். அந்தப் படமும் பழையதாக இருக்கலாம். சந்தேகம் வந்தால் நெடுஞ்சாலையை விட்டு இறங்காமல் இருப்பதும், முந்தின இரவே தங்கும் விடுதிக்கு போன் செய்து விசாரிப்பதும் உத்தமம்.

ஊர்ப் பெயர்களையும் தூரங்களையும் ஒரு தாளில் அச்செடுத்துக் காரில் வைத்துக்கொள்வதும் நல்லது. போன் சார்ஜ் இறங்கி நடுவழியில் நிற்கும்போது, டீக்கடைக்காரரிடம் அடுத்து எந்த ஊர் என்று கேட்கவாவது பெயர் தெரிந்திருக்க வேண்டுமே!