இரண்டாவது இழுப்பு

போன மாசம் பள்ளிக்கூட லீவுக்கு அக்கா பேரன் சென்னையிலிருந்து வந்திருந்தான். பத்து வயசு. வர்ற வழியிலேயே கொடைக்கானல் ஏரிக்குக் கூட்டிட்டுப் போய்க் குதிரை ஏத்தி விட்டிருக்காங்க. கூடவே ஆள் கயிறைப் பிடிச்சு நடந்து வர்ற சவாரிதான். ஆனா அவனுக்கு அதுவே போதுமா இருந்திருக்கு. வீட்டு வாசல்ல ஜீப்பை விட்டு இறங்கினதும் பையைக்கூட வைக்காம நேரா தொழுவத்துக்கு ஓடினான்.

"தாத்தா, நாளைக்கு நான் இவன் மேல ஏறணும்."

இவன்னு அவன் சொன்னது எங்க செவலையை. செவலை சவாரிக் குதிரை இல்ல, பொதி குதிரை.

கொடைக்கானல்னா உங்களுக்கு ஏரிக்கரைக் குதிரைதான் ஞாபகத்துக்கு வரும். கீழ்ப்பழனி மலையில, தாண்டிக்குடி, பண்ணைக்காடு, கே.சி.பட்டி, பாச்சலூர் பக்கம் இருக்கிற எங்களுக்குக் குதிரைன்னா லாரி மாதிரி. காபியும் மிளகும் மலை வாழையும் விளையுற தோட்டம் பல இடத்துல ரோட்டை விட்டு ரொம்பக் கீழே பள்ளத்துல கிடக்கும். ஜீப் ஒரு இடம் வரைக்கும் வரும், அதுக்கு மேல ஒத்தையடிப் பாதைதான். உரமூட்டை இறங்குறதும் குதிரையில, வாழைத்தார் ஏறுறதும் குதிரையில. கொடைக்கானலே அப்படி உண்டான ஊருதான். 1914-ல லாஸ் காட் ரோடு திறக்குற வரைக்கும் பெரியகுளம் அடிவாரத்துலருந்து செண்பகனூருக்கு வெள்ளகவி வழியா நடந்தோ, மட்டக்குதிரையிலோ, ஆள் தூக்குற நாற்காலியிலோதான் துரைமார் எல்லாம் மேல போனாங்க. அந்தப் பாதையில இன்னிக்கும் வெள்ளகவிக்காரங்க குதிரையில சாமான் ஏத்துறாங்க.

சரி, பையன் கதைக்கு வர்றேன். எங்க வீட்டுல யாரையும் நான் லேசுல குதிரை மேல ஏத்த மாட்டேன். தாத்தா பயந்தாங்கொள்ளின்னு பிள்ளைங்க சிரிப்பாங்க. காரணத்தை இதுவரைக்கும் வீட்டுல யார்கிட்டயும் சொன்னதில்ல.

1996 ஐப்பசி மாசம். அப்பாவுக்கு நாலு நாளாக் காய்ச்சல், எழுந்து உக்காரவே முடியல. விடாத மழை. தோட்டத்து வீட்டுலருந்து ரோட்டுக்கு நாலு கிலோமீட்டர், நடுவுல ஒரு ஓடை. எட்டரை மணி பஸ்ஸைப் பிடிச்சாத்தான் வத்தலக்குண்டு போக முடியும். அப்போ எங்ககிட்ட சொந்தக் குதிரை கிடையாது. பக்கத்துத் தோட்டத்து மாமாவோட கருப்பியைத்தான் எதுக்கும் கேட்போம். மாமான்னா ரத்த சொந்தமில்ல, முறைக்குக் கூப்பிடுறதுதான். அன்னிக்குப் பார்த்து மாமா கீழ ஒரு கல்யாணத்துக்குப் போயிட்டார். அத்தை, "ஓட்டிட்டுப் போ மாப்ள, ஒனக்குத் தெரியாததா"ன்னு அவிழ்த்து விட்டுச்சு.

எனக்குத் தெரியும்னுதான் நானும் நெனச்சேன். மாமா சேணம் கட்டுறதை நூறு தடவை பார்த்திருக்கேன். சாக்கு மெத்தையைப் போட்டு, பொதிச் சேணத்தை வச்சு, வயித்து வாரை இழுத்துக் கட்டி, மேல போர்வையை மடிச்சுப் போட்டு அப்பாவை ஏத்திட்டேன். அவசரத்துல நல்லா பலம் கொண்ட மட்டும் இழுத்துத்தான் கட்டினேன். அதுல குறை இல்ல.

ஓடை தாண்டி ஏறுற இடத்துல பாதை வெளிப்பக்கமா சரிஞ்சு கிடக்கும். ஒரு பக்கம் மலைச்சரிவு, மறு பக்கம் கிடுகிடு பள்ளம். அப்பா பயந்து மலைப் பக்கமாச் சாய்ஞ்சார். சேணமும் அவர் கூடவே சாய்ஞ்சுது. சாய்ஞ்சது நிக்கல. உருண்டு குதிரை வயித்துக்குக் கீழ போயிருச்சு. நான் முன்னாடி கயிறைப் பிடிச்சு நடந்துக்கிட்டு இருந்தேன். சத்தம் கேட்டுத் திரும்பினப்போ அப்பா பாறை மேல கிடக்குறார். காரை எலும்பு முறிஞ்சிருச்சு.

வயித்துக்கடியில சேணம் தொங்கினா பெரும்பாலான குதிரை மிரண்டு உதைச்சு ஓடும். கருப்பி ஓடல. நாலு காலும் நடுங்க நடுங்க அப்படியே நின்னுச்சு. அது ஒரு எட்டு பின்னாடி வச்சிருந்தா அப்பா மேலதான் மிதிச்சிருக்கும்.

காபிக்காட்டு ஆளுங்க ரெண்டு பேர் ஓடி வந்தாங்க. போர்வையில தொட்டில் கட்டித் தூக்கிட்டுப் போனோம். ஆஸ்பத்திரியில என்ன ஆச்சுன்னு கேட்டப்போ, நான் வாயைத் திறக்குறதுக்கு முன்னாடி அப்பாவே சொன்னார்: "குதிரை சறுக்கிருச்சுய்யா." அம்மாகிட்டயும் அதேதான் சொன்னார். பார்க்க வந்தவங்க எல்லார்கிட்டயும் அதேதான். நானும் சும்மா இருந்துட்டேன்.

மூணாம் நாள் மாமா வந்தார். வாரைக் கையில எடுத்துப் பார்த்தார்.

"எந்த ஓட்டையில போட்ட மாப்ள?"

காட்டினேன்.

"நடக்க விட்ட பெறகு இன்னொருக்கா இழுத்தியா?"

"இல்ல மாமா."

அவ்வளவுதான் பேச்சு. திட்டல. மறுநாள் விடியறதுக்கு முன்னாடியே வந்து, "வா, தொழுவத்துக்கு"ன்னு கூப்பிட்டார்.

அன்னிக்கு அவர் காட்டினதைத்தான் இன்னிக்கும் செய்றேன். மொதல்ல கையை வச்சு முதுகைத் தடவணும். ஒரு சின்னக் குச்சி, காய்ஞ்ச சேறு இருந்தாலும் அது நாலு கிலோமீட்டர்ல புண்ணாயிரும். மெத்தையை வேணுங்கிற இடத்துக்குக் கொஞ்சம் முன்னாடி வச்சு, பின்பக்கமா இழுத்து உக்கார வைக்கணும். அப்போதான் முடி படிஞ்ச வாக்குல இருக்கும். பிடரி முடியுற இடத்துல ஒரு எலும்பு மேடு இருக்கும் பாருங்க, அதை மெத்தை அமுக்கக்கூடாது, இடைவெளி வேணும். வயித்து வார் முன்னங்கால் முட்டிக்குப் பின்னாடி நாலு விரல் தள்ளி வரணும். ரொம்ப முன்னாடி போனா நடக்க நடக்கக் கால் இடுக்கு உரசும். கட்டினதும் ரெண்டு முன்னங்காலையும் ஒவ்வொண்ணாத் தூக்கி முன்னாடி நீட்டி விடுவோம், மடிஞ்சு மாட்டிக்கிட்ட தோல் நிமிர்ந்துரும்.

இனிமேதான் நான் கோட்டை விட்ட இடம். வாரை இழுக்கும்போது குதிரை மூச்சைப் பிடிச்சு நெஞ்சுக்கூட்டை விறைச்சுக்கும். 'வயித்துல காத்தை அடைச்சுக்கிருச்சு'ன்னு எங்க ஊருல சொல்வோம். குதிரை ஏமாத்துதுன்னும் சிலர் அடிப்பாங்க. ஏமாத்தெல்லாம் இல்ல. முரட்டுத்தனமா இழுத்து இழுத்துப் பழக்கப்பட்ட ஜீவன் அதுக்குத் தயாரா நிக்குது, அவ்வளவுதான். பத்து எட்டு நடந்ததும் மூச்சை விட்டுரும், மெத்தையும் அமுங்கிரும். அப்போ நீங்க மூச்சைப் பிடிச்சு இழுத்துக் கட்டின வார்ல ஒரு கையே நுழையும். அதனால மொதல்ல லேசாக் கட்டணும். நடத்தணும். நிறுத்தி ரெண்டாவது தடவை இழுக்கணும். ரெண்டு விரல் மட்டும் நுழையுற மாதிரி. அதுக்கும் மேல இறுக்கினா மூச்சு முட்டும், தோல் வழண்டுரும்.

"அது மூச்சு விடுற வரைக்கும் நீயும் ஒரு பீடி குடி மாப்ள, ஒண்ணும் குடிமுழுகிப் போகாது" என்பார் மாமா. நான் பீடி குடிக்கிறதில்ல. அந்த நேரத்துக்கு நெஞ்சு வாரையும் வால் வாரையும் பார்ப்பேன். மேடு ஏறும்போது சேணம் பின்னாடி வழுக்கும், அதை நெஞ்சு வார் பிடிக்கும். இறங்கும்போது முன்னாடி வரும், அதை வால் வார் பிடிக்கும். பக்கவாட்டுல உருளுறதைப் பிடிக்க வயித்து வாரை விட்டா வேற கிடையாது. அதுவும் ஐப்பசியில பச்சைப் புல்லைத் தின்னு குதிரை உருண்டு திரண்டு இருக்கும். பீப்பாய் மேல சேணம் வச்ச மாதிரிதான்.

இன்னொண்ணு, பாரம். பொதி மிருகங்களுக்கு 1965-லயே மத்திய அரசு விதி போட்டிருக்கு. மட்டக்குதிரைக்கு 70 கிலோதான், கோவேறு கழுதைக்கு 200. ஒரு நாளைக்கு ஒம்பது மணி நேரத்துக்கு மேல வேலை வாங்கக்கூடாது. மலையில எத்தனை பேர் தராசு வச்சுப் பார்க்குறாங்கன்னு என்கிட்டக் கேக்காதீங்க. அதைவிட முக்கியம், ரெண்டு பக்கமும் ஒரே எடை. ஒரு பக்கம் அஞ்சு கிலோ கூடினாலும் எப்பேர்ப்பட்ட வாரும் நிக்காது.

இதெல்லாம் கத்துக்கிட்டேன், சரி. ஆனா ஊருல என்ன ஆச்சுன்னா, 'சறுக்குற குதிரை'ன்னு கருப்பிக்குப் பேராகிப் போச்சு. நோயாளியைத் தூக்கணும்னா அதுவரைக்கும் எல்லாரும் மாமா வீட்டுக்குத்தான் வருவாங்க. அது நின்னு போச்சு. 'அது சறுக்கல, இவன் வார் இழுக்கல'ன்னு மாமா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லல. அப்பா என்னைக் காப்பாத்தச் சொன்ன பொய்யைத் தன் குதிரை மேல சுமந்துக்கிட்டார். காரை எலும்பு கோணலாத்தான் கூடுச்சு. சட்டை போடும்போது அப்பாவோட இடது தோள் இறங்கியிருக்கும், கடைசி வரைக்கும். அப்பாவும் போயாச்சு, மாமாவும் போயாச்சு. கருப்பி எப்பவோ போயிருச்சு.

கருப்பி சறுக்கல. இதை நான் எழுதி வைக்கணும்.

மறுநாள் காலையில பையனைத் தொழுவத்துக்குக் கூட்டிட்டுப் போனேன். மெத்தையை அவனே இழுத்து வச்சான். வாரை நான் லேசாக் கட்டி, "கையை விடு"ன்னேன். ரெண்டு விரல்தான் போச்சு. "டைட்டாதான் தாத்தா இருக்கு, ஏறட்டுமா?" ஏற விடல. வாசல்லருந்து பலா மரம் வரைக்கும் ரெண்டு பேரும் செவலையை நடத்திட்டுப் போனோம். "இப்போ விடு." அவன் கை முழுசா உள்ள போச்சு. என்னையும் குதிரையையும் மாறி மாறிப் பார்த்தான்.

"அந்த ஏரிக் குதிரையில இப்படி யாரும் பார்க்கலையே தாத்தா?"

"நீ ஏறுறதுக்கு முன்னாடியே அது அன்னிக்குப் பத்து சுத்து சுத்தியிருக்கும். அவங்க காலையிலேயே இழுத்திருப்பாங்க. ஆனா நீ கேட்டுட்டு ஏறுறதுல தப்பில்ல."

ரெண்டாவது இழுப்பை அவன்தான் இழுத்தான், நான் கூடக் கை கொடுத்தேன். ஓடை வரைக்கும் ஏத்திட்டுப் போனேன். அந்தச் சரிவு வந்ததும் இறக்கி விட்டு நடக்க வச்சேன். ஏன்னு கேட்டான். திரும்பி வரும்போது சொன்னேன், எல்லாத்தையும். ஒண்ணும் பேசாம கேட்டுக்கிட்டு வந்தான்.

வீட்டுக்கு வந்து சேணத்தை இறக்கினோம். மெத்தைக்கடியில வேர்வை எப்படிப் படிஞ்சிருக்குன்னு பார்க்கச் சொன்னேன். சுத்தி நனைஞ்சு நடுவுல ஒரு இடம் மட்டும் காய்ஞ்சு கிடந்தா அங்க மெத்தை அமுக்குதுன்னு அர்த்தம். அவன் குனிஞ்சு ஒரு பக்கம் பார்த்தான், சுத்திப் போய் மறுபக்கம் பார்த்தான்.

"ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கு தாத்தா."