அறுந்த இடம்

தமிழ் சினிமாவில் வீணைத் தந்தி சும்மா அறுவதில்லை. கதாநாயகி வாசித்துக்கொண்டிருப்பாள். 'டொய்ங்' என்று ஒரு சத்தம். கேமரா அவள் முகத்துக்குப் போகும். அடுத்த காட்சியில் வாசலில் தபால்காரர், "அம்மா, தந்தி!" ஒரு தந்தி அறுந்தால் இன்னொரு தந்தி வரும். அந்த இரண்டாவது தந்தி 2013 ஜூலையோடு இந்தியாவில் நின்றுபோனது. முதல் தந்தி அறுந்தால் வீட்டுக்கு ஆகாது என்கிற நினைப்பு மட்டும் நிற்கவில்லை.

கப்பலூரில் எங்கள் எதிர்வீட்டில் பத்தாம் வகுப்பு படிக்கும் பெண் ஒருத்தி இருக்கிறாள். சென்னையில் இருக்கும் மாமா மகன் வேலை கிடைத்து வெளிநாடு போகும்போது தன் எலெக்ட்ரிக் கிடாரையும் ஒரு சின்ன ஆம்ப்ளிஃபயரையும் அவளுக்குக் கொடுத்துவிட்டுப் போனான். யூட்யூப் பார்த்து அவளே கற்றுக்கொள்ள ஆரம்பித்தாள். ஒரே மாதத்தில் நான்கு முறை கம்பி அறுந்தது. நான்கு முறையும் மேல் ஸ்தாயிக் கம்பி, அதாவது இருப்பதிலேயே மெலிசான முதல் கம்பி. ஒவ்வொரு முறையும் பெரியார் பஸ் ஸ்டாண்டுக்குப் பஸ் ஏறி டவுனில் வாங்கிவர வேண்டும். நான்காவது முறை அறுந்த கம்பி சுருண்டு வந்து கன்னத்தில் ஒரு சிவப்புக் கோடு போட்டது. அதற்குப் பிறகு அவள் ட்யூனிங் கீயைத் தொடவே பயந்தாள். சுருதி இறங்கிய கிடாரை அப்படியே வாசித்தாள். சுருதி சேராத கிடாரில் சரியாக வாசித்தாலும் தப்பாகத்தான் கேட்கும். தனக்குச் சங்கீதம் வராது என்று அவளே ஒரு முடிவுக்கு வந்துகொண்டிருந்தாள்.

அவள் அம்மாவின் கவலை வேறு. "தம்பி, பரீட்சை வருசம். வெள்ளிக்கெழம வெளக்கு வைக்கிற நேரத்துல பட்டுனு அந்துச்சு. எனக்கு மனசே சரியில்ல. இதை யாருக்காச்சும் குடுத்துரலாமான்னு பாக்குறேன்."

சகுனத்தை எதிர்த்து வாதம் செய்து ஜெயித்தவர்கள் குறைவு. நான் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படித்துவிட்டு சாஃப்ட்வேர் எழுதப் போனவன். வாதத்தைவிடக் கணக்கு எனக்குச் சுலபம். "ரெண்டு நாள் டைம் குடுங்கக்கா, பாத்துச் சொல்றேன்" என்றேன்.

கணக்கு இதுதான். கிடாரின் முதல் கம்பி நொடிக்கு சுமார் 329.6 முறை அதிர வேண்டும். அதிரும் நீளம் பெரும்பாலான எலெக்ட்ரிக் கிடார்களில் 648 மில்லிமீட்டர். தொடக்கக்காரர்கள் போடும் செட்டில் இந்தக் கம்பியின் தடிமன் 0.009 அங்குலம், கால் மில்லிமீட்டருக்கும் குறைவு. இந்தச் சுருதிக்கு இழுத்துக் கட்டினால் அதன்மேல் ஏறத்தாழ 6 கிலோ எடை தொங்குவதற்குச் சமமான இழுவிசை இருக்கும். இவ்வளவு மெல்லிய ஒரு கம்பியில் 6 கிலோ என்றால் பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் எஃகுக்கு அது பெரிய விஷயமில்லை. சதுர மில்லிமீட்டருக்குக் கணக்கிட்டால் சுமார் 1,430 நியூட்டன் தகைவு. இந்த மாதிரி மெல்லிய இசைக்கம்பி 2,500க்கு மேல் தாங்கும். ஒரு முழுச் சுரம் ஏறும்படி விரலால் கம்பியை இழுத்து வளைத்தாலும் தகைவு 26 சதவீதம்தான் கூடும். 1,800 என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் பாக்கி இருக்கிறது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. தடிமனான கம்பி போட்டால் அறுவது நிற்கும் என்று கடையில் சொல்வார்கள். ஆனால் அந்தச் சூத்திரத்தில் தடிமனே வராது. தடிமன் கூடினால் எடை கூடும். அதே சுருதிக்கு இழுவிசையும் அதே விகிதத்தில் கூடும். கடைசியில் சதுர மில்லிமீட்டருக்கான தகைவு மாறுவதில்லை. நீளம், சுருதி, எஃகின் அடர்த்தி, இந்த மூன்றுதான் அதைத் தீர்மானிக்கின்றன. தடித்த கம்பிக்கு உண்மையில் கிடைக்கும் லாபம், ஒரு கீறலோ துருவோ பட்டால் அதில் மிச்சமிருக்கும் சதை அதிகம் என்பதுதான். கூடவே, விரலுக்கு வலியும் அதிகம்.

ஆக, நல்ல கம்பி, சரியான சுருதி, ஒழுங்கான பாதை என்றால் அது அறுந்திருக்கக் கூடாது. மூன்றில் ஏதோ ஒன்று இல்லை.

முதலில் சுருதியைச் சந்தேகப்பட்டேன். கழுத்தில் கவ்வி வைக்கும் சின்ன ட்யூனர்கள் பலவற்றில் சுரத்தின் எழுத்து மட்டும்தான் தெரியும், எந்த ஸ்தாயி என்று தெரியாது. முதல் கம்பியும் 'ஈ', ஆறாவது கம்பியும் 'ஈ'. தளர்ந்த கம்பியை ஏற்றிக்கொண்டே போகிறவர்கள் சரியான 'ஈ'யைக் கவனிக்காமல் தாண்டிவிட்டால், அடுத்த 'ஈ' வரும் என்று திருகிக்கொண்டே இருப்பார்கள். ஒரு ஸ்தாயி ஏறினால் அதிர்வு இரண்டு மடங்கு, தகைவு நான்கு மடங்கு. அங்கே போய்ச் சேர எந்த எஃகுக்கும் தெம்பு கிடையாது. ஐந்து அரைச்சுரம் ஏறும்போதே எல்லை வந்துவிடும். இன்னொன்று, ஒரு கம்பியை மீட்டிக்கொண்டு வேறொரு கம்பியின் கீயைத் திருகுவது. சத்தம் மாறவில்லையே என்று மேலும் திருகுவார்கள். இவள் இரண்டையும் செய்யவில்லை. திருகுவதற்கு முன்னால் எந்தக் கீ எந்தக் கம்பி என்று விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டுதான் ஆரம்பித்தாள். சுருதி சரி.

கம்பியும் சரி. நான்கும் புதுசு. மிச்சம் பாதை.

அப்பா திண்ணையில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நூற்பாலையில் ரிங் ஃபிரேம் ஃபிட்டராக 32 வருஷம் இருந்தவர். கப்பலூர் பக்கம் மில், சிட்கோ பட்டறைகள், டோல்கேட், இவற்றைச் சுற்றித்தான் பாதிப் பேரின் பிழைப்பு. மில் இரைச்சல் அப்பாவின் காதில் மேல் ஸ்தாயியைத் தின்றுவிட்டது. அந்த முதல் கம்பியை மீட்டினால் அவருக்கு ஒழுங்காகக் கேட்காது. டி.வி. சத்தத்துக்காக வீட்டில் தினம் சண்டை.

"எங்கன அந்துச்சு?" என்றார் சத்தமாக.

"கீழப்பக்கம் தாத்தா. இந்த இரும்புகிட்ட" என்று அவள் சாடிலைக் காட்டினாள். வீணையில் தந்தி ஏறி நிற்கும் இடத்துக்குக் குதிரை என்று பெயர். கிடாரில் அதே வேலையைச் செய்யும் சின்ன இரும்புத் துண்டுக்கு சாடில், அதாவது சேணம்.

"நாலு தடவையுமா?"

"ஆமா."

"அப்ப கம்பி மேல தப்பில்ல பாப்பா. போற வழியில என்னமோ இருக்கு."

மில்லில் இழை அறுவது அன்றாடம். அறுந்ததை ஒட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார்கள். ஃபிரேம் முழுக்க ஆங்காங்கே அறுந்தால் பஞ்சைப் பார்க்க வேண்டும், காற்றின் ஈரப்பதத்தைப் பார்க்க வேண்டும். ஆனால் ஒரே ஸ்பிண்டிலில் திரும்பத் திரும்ப அறுந்தால் பஞ்சைக் குறை சொல்லிப் பிரயோஜனம் இல்லை. அந்த ஸ்பிண்டிலுக்கு நூல் வரும் வழியை விரலால் தடவிக்கொண்டே வரவேண்டும். மேலே நூலை வழிநடத்தும் கம்பி வளையத்தில் நூலே ஓடி ஓடி வரி விழுந்திருக்கும். பஞ்சு நூல் இரும்பை அறுக்கும் என்று யார் நம்புவார்கள்? ஆனால் அறுக்கும். அல்லது ரிங்கின்மேல் நிமிஷத்துக்கு ஆயிரக்கணக்கான முறை சுற்றும் டிராவலர் என்ற குட்டி இரும்புக் கொக்கி தேய்ந்து கூராகியிருக்கும்.

அப்பா உள்ளே போய் விளக்குத்திரிப் பஞ்சில் ஒரு துணுக்கு எடுத்துவந்தார். கம்பியில்லாத அந்த முதல் சாடிலின் பள்ளத்தில் பஞ்சை மெதுவாக இழுத்தார். ஒரு மயிரிழை மாட்டிக்கொண்டு நின்றது. பக்கத்துச் சாடில்களில் வழுக்கிக்கொண்டு போனது. கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. என் விரலுக்கும் தெரியவில்லை. பஞ்சுக்குத் தெரிந்தது.

"பிசிறு" என்றார்.

நான் கல்லூரியில் படித்தது அப்போது ஞாபகம் வந்தது. இங்லிஸ் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் 1913இல் ஒரு கணக்குப் போட்டார். ஒரு தகட்டில் கூரான விரிசல் ஒன்று இருந்தால், அதன் நுனியில் தகைவு சராசரியைவிடப் பல மடங்கு ஏறும். நுனி எவ்வளவு கூரோ அவ்வளவு ஏறும். கம்பி முழுக்க 1,430 என்று நான் போட்ட கணக்கு சராசரிக் கணக்கு. பிசிறு கீறிய அந்த ஓர் இடத்தில் கம்பி அனுபவிப்பது வேறு. ஒவ்வொரு முறை மீட்டும்போதும் வளைக்கும்போதும் கம்பி அங்கே துளி முன்னும் பின்னும் நகர்ந்து உரசுகிறது. கீறல் ஆழமாகிறது. ஒருநாள் மிச்சமிருக்கும் சதை போதாமல் போகிறது. அந்த ஒருநாள் வெள்ளிக்கிழமையாகவும் இருக்கலாம்.

இப்படிக் குறையைத் தேடிப் பார்ப்பது நமக்குப் புதுசும் இல்லை. சீவக சிந்தாமணியில் காந்தருவதத்தையின் யாழ்ப்போட்டிக்கு வந்த சீவகன், கொடுத்த யாழ்களை ஒவ்வொன்றாகத் தள்ளுகிறான். ஒன்றின் மரம் நீரில் கிடந்து அழுகியது, ஒன்று இடி விழுந்த மரம் என்று காரணம் சொல்லித் தள்ளுகிறான். நரம்பின் முறுக்கைப் பிரித்து உள்ளே இருக்கும் மயிரை எடுத்துக் காட்டுகிறான். நரம்பின் குற்றங்கள் கொடும்புரி, மயிர், தும்பு, முறுக்கு என நான்கு என்று பழைய உரைகள் பட்டியலே போடுகின்றன. எதுவும் சகுனம் இல்லை, எல்லாமே குவாலிட்டி செக். சகுனத்தை நாம் பிறகு சினிமாவிலிருந்து எடுத்துக்கொண்டோம் போலிருக்கிறது.

சரிசெய்தது பத்து நிமிஷ வேலை. சிட்கோ பக்கத்துக் கடையில் இருப்பதிலேயே நைஸான எமரி பேப்பர் வாங்கி, ஒரு குச்சியில் சுற்றி, அந்தப் பள்ளத்தை அப்பா மெதுவாக வழித்தார். பிறகு பழைய, சுற்றுக்கம்பி ஒன்றை அதில் வைத்து ரம்பம்போல இழுத்தார். மறுபடி பஞ்சு. இந்த முறை வழுக்கியது.

அதற்குப் பிறகு அவளுக்கு நான் எழுதிக் கொடுத்தது இவ்வளவுதான். கம்பி அறுந்தால் முதலில் எங்கே அறுந்தது என்று பார். சாடிலில் என்றால் பிசிறு. மேலே நட்டில் என்றால் பள்ளம் குறுகலாக இருந்து கம்பியைக் கவ்வுகிறது. பென்சில் கரியை அதில் தேய்த்தால் வழுக்கும். கீயின் தண்டில் என்றால் அங்கே கூர் முனை இருக்கிறது, அல்லது கம்பியை மடக்கி ஒடித்துக் கட்டியிருக்கிறாய். மெல்லிய கம்பிக்கு இரண்டு மூன்று சுற்று, ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல். நடுவில், மீட்டும் இடத்தில் என்றால் துரு, அல்லது முரட்டுக் கை. நம்மூர் வெயிலில் கை எப்போதும் பிசுபிசு என்றுதான் இருக்கும். வியர்வை உப்பு எஃகுக்கு எமன். வாசிக்கும் முன் கை கழுவு. வாசித்த பின் காய்ந்த காட்டன் துணியால் கம்பியின் அடிப்பக்கமும் சேர்த்துத் துடை. ட்யூன் பண்ணும்போது சந்தேகம் வந்தால் முதலில் இறக்கு, பிறகு ஏற்று. முகத்தைக் கம்பிக்கு நேரே வைக்காதே.

இழுத்து வளைக்க மட்டும் பயப்படாதே என்றும் எழுதினேன். வளைத்தால் அறுந்துவிடும் என்று நேர்க்கோட்டிலேயே வாசிக்கும் தொடக்கக்காரர்கள் நிறைய. நம் காதுக்கு கமகம் இல்லாமல் முடியாது. யு. ஸ்ரீநிவாஸ் மாண்டலினின் நான்கு ஜோடித் தந்திகளை விட்டுவிட்டு ஐந்து ஒற்றைத் தந்திகள் கொண்ட எலெக்ட்ரிக் மாண்டலினுக்கு வந்தார். ஜோடியை ஒன்றாக இழுத்து கமகம் பிடிப்பது எவ்வளவு சிரமம் என்று அதைத் தொட்டவர்களுக்குத் தெரியும். கம்பி இழுபடத்தான் இருக்கிறது. வழியில் கூர் எதுவும் இல்லாமல் பார்த்துக்கொள்வதுதான் நம் வேலை.

அவள் அம்மாவிடம் நான் சகுனத்தைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. அப்பாதான் அந்தப் பஞ்சை அவர் கையில் கொடுத்து, பழைய நிலையில் இருந்த வேறொரு சாடிலில் இழுத்துப் பார்க்கச் சொன்னார். அதிலும் லேசாக மாட்டியது. அக்கா குனிந்து பார்த்தார். "அட, ஆமாண்ணே. சேலை நூலு ஆணியில மாட்டுற மாதிரில்ல இருக்கு" என்றார். கிடாரை யாருக்கும் கொடுக்கவில்லை.

சுருதி சேர்ந்த கிடாரை அவள் வாசித்தபோது அப்பா ஆம்ப்ளிஃபயர் பெட்டியின்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கேட்கிறதா என்று நான் சைகையில் கேட்டேன். "அதிருது" என்றார்.

நான்கு மாதம் அந்தக் கம்பி தாங்கியது. போன வாரம் நான் ஆபீஸ் மீட்டிங்கில் இருந்தபோது வாட்ஸப்பில் அவளிடமிருந்து ஒரு போட்டோ வந்தது. கிடார் இல்லை, அவள் முகமும் இல்லை. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிவிரலுக்கும் நடுவில் அறுந்த கம்பியின் நுனி மட்டும். கீழே எழுதியிருந்தாள்: "அண்ணே, இந்த தடவை நட்டுகிட்ட. பென்சில் போட்டாச்சு. தாத்தாகிட்ட சொல்லிருங்க."