பம்மலில் ஒரு காலப்பிரமாணம்

பல்லாவரம் ஸ்டேஷனில் இறங்கி மேற்கு நோக்கிச் சென்றால் சிறிது தூரத்தில் பம்மல் வந்துவிடும். தமிழ் நாடகத்தில் பற்றுள்ளவர்களுக்கு இவ்வூரை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. 1891-ஆம் ஆண்டில் சுகுண விலாஸ சபையைத் தோற்றுவித்த சம்பந்த முதலியாரின் பெயருக்கு முன்னால் நின்று, ஊரும் புகழ் தேடிக்கொண்டது. 2021 முதல் பம்மல் தாம்பரம் மாநகராட்சியைச் சேர்ந்தது. தலைக்கு மேலே மீனம்பாக்கத்து விமானங்களின் இரைச்சல். நாகல்கேணிப் பக்கமிருந்து காற்று வீசினால் தோல் பதனிடும் நெடி. இங்கே கண்டு களிக்க என்ன இருக்கிறது என்று நேயர்கள் கேட்கலாம். விடியற்காலை ஐந்து மணிக்கு வந்து பார்க்கும்படி அவர்களை அழைக்கிறோம்.

பால் வண்டிகளும் கோலமிடுவோரும் மட்டுமே விழித்திருக்கும் அவ்வேளையில், திருநீர்மலைச் சாலைப் பக்கம் சில இளைஞர்களும் பெண்களும் ஓடிக்கொண்டிருப்பார்கள். வாரத்தில் ஒரு நாள் அவர்களை விசாரித்தால், "இன்று டெம்போ" என்பார்கள். பம்மல்வாசிகளுக்கு டெம்போ என்றால் சாமான் ஏற்றும் வண்டிதான். ஆனால் இவர்கள் சொல்வது வேறு. அது சங்கீதத்திலிருந்து வந்த இத்தாலியச் சொல். நம்முடைய வித்வான்கள் காலப்பிரமாணம் என்று சொல்வதே அது. எடுத்த காலத்தை ஓடவிடாமலும் தொய்யவிடாமலும் கடைசிவரை நிறுத்துவது எவ்வளவு கடினம் என்பதைக் கச்சேரி கேட்பவர்கள் அறிவார்கள். கால்களால் அதைச் செய்வதுதான் டெம்போ ஓட்டம்.

இதன் முறையை ஒழுங்குபடுத்தி உலகெங்கும் பரப்பியவர்களில் முக்கியமானவர் அமெரிக்கப் பயிற்சியாளரும் உடலியல் அறிஞருமான ஜாக் டேனியல்ஸ். முதலில் பத்துப் பதினைந்து நிமிஷம் மெதுவாக ஓடி உடம்பைச் சூடேற்ற வேண்டும். பிறகு சுமார் 20 நிமிஷம், பந்தயத்தில் ஒரு மணி நேரம் தாக்குப் பிடிக்கக்கூடிய வேகத்தில் இடைவிடாமல் ஓட வேண்டும். கடைசியில் மறுபடியும் மெதுவான ஓட்டம். பத்துக் கிலோமீட்டரை 40 நிமிஷத்தில் ஓடக்கூடிய ஒருவனுக்குப் பந்தய வேகம் கிலோமீட்டருக்கு 4 நிமிஷம். டெம்போவில் அவன் அதைவிட ஏழெட்டு விநாடி மெதுவாகவே ஓடுவான். கடிகாரம் இல்லாதவர்களுக்கும் ஓர் அளவுகோல் உண்டு: ஓடும்போது இரண்டொரு வார்த்தை பேச முடிய வேண்டும், கதை பேச முடியக் கூடாது.

தசைகள் சர்க்கரையை எரிக்கும்போது லாக்டேட் என்ற பொருள் உண்டாகிறது. இதை வெறும் கழிவென்றும் நஞ்சென்றும் வெகுகாலம் நினைத்திருந்தார்கள். 1980-களிலிருந்து ஜார்ஜ் புரூக்ஸ் என்பவரின் ஆராய்ச்சிகள் அது உடம்புக்கு எரிபொருளும் ஆகும் என்று காட்டின. மிதமான வேகத்தில் உண்டாவதும் செலவாவதும் சமமாக இருக்கின்றன. ஓர் எல்லையைத் தாண்டினால் வரவு மிகுந்து இரத்தத்தில் லாக்டேட் ஏறத் தொடங்குகிறது. சிறிது நேரத்தில் ஓட்டமும் தளர்ந்துவிடுகிறது. அந்த எல்லையின் ஓரத்திலேயே உடம்பை நிறுத்திப் பழக்கினால், நாளடைவில் எல்லையே சற்று உயர்ந்துவிடும். ஆகவே வேகமாக ஓடுகிறவன் அல்ல, வேகத்தை அடக்கி ஓடுகிறவனே இங்கே நல்ல மாணவன். பக்கத்தில் ஒருவன் முந்திப் போனால் போகட்டும் என்று விட்டுவிட வேண்டும். பதினெட்டு வயதில் இதைவிடக் கடினமான பாடம் வேறில்லை.

இந்தப் பாடத்துக்குப் பொருத்தமான திசையில்தான் சாலையும் போகிறது. திருநீர்மலைக்கு வந்த திருமங்கையாழ்வார், மலையைச் சுற்றி நீர் சூழ்ந்திருந்ததால் ஆறு மாதம் காத்திருந்து பெருமாளைச் சேவித்தார் என்பது தல வரலாறு. பொறுத்தவருக்கே தரிசனம்!

பொறுமையைச் சோதிக்க நம் சீதோஷ்ணமும் இருக்கிறது. 2003 மே மாதத்தில் சென்னையில் வெயில் 45 டிகிரியைத் தொட்டது. வெயில் ஏறாத காலையிலும் காற்றில் ஈரம் மிகுந்திருப்பதால் வியர்வை உலர்வதில்லை. உடம்பின் சூடு தணிவதில்லை. குளிர் தேசத்துப் புத்தகத்தில் கண்ட விநாடிக் கணக்கை இங்கே பிடிவாதமாகப் பின்பற்றினால் பயிற்சி பந்தயமாகிவிடும். மூச்சைப் பார்த்து வேகத்தைக் குறைத்துக்கொள்வதே விவேகம்.

ஆனால் சீதோஷ்ணத்தைவிடப் பெரிய தடை ஒன்று உண்டு. டெம்போவின் உயிர் இடைவிடாமையில் இருக்கிறது. 20 நிமிஷத்தில் நல்ல ஓட்டக்காரர் ஐந்து கிலோமீட்டர் வரை கடப்பார். பம்மலைச் சுற்றிலும் தடையின்றி அவ்வளவு தூரம் ஓட எங்கே இடம்? ஐந்தரை மணிக்கே தண்ணீர் லாரிகள் கிளம்பிவிடுகின்றன. திறந்த சாக்கடைப் பள்ளம் ஓரிடம், கூட்டமாகத் துரத்தும் நாய்கள் ஓரிடம். பத்து இடத்தில் நின்று நின்று ஓடினால், தாளம் தவறிய கீர்த்தனம்போல் அன்றைய பயிற்சி வீணாகிறது. விளக்கில்லாத தெருவுக்குப் பெண்ணைத் தனியே அனுப்பப் பெற்றோர் அஞ்சுகிறார்கள். அந்த அச்சத்தை நாம் குறை கூற மாட்டோம். ஆனால் அதனால் பள்ளிக்கூடத்தில் முதலாக ஓடிய எத்தனையோ பெண்கள் பதினாறு வயதோடு ஓட்டத்தை விட்டுவிடுகிறார்கள்.

நம்மவர்களிடம் திறமை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. அந்நிய ஆட்சிக் காலத்திலேயே, 1920-இல் ஆண்ட்வெர்ப் ஒலிம்பிக் மாரத்தானில் பெல்காம் பக்கத்து பாடெப்பா சௌகுலே 19-ஆவதாக வந்தார். 1978-இல் ஜாலந்தரில் சிவநாத் சிங் 2 மணி 12 நிமிஷத்தில் மாரத்தானை முடித்தார். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக அதை எந்த இந்தியராலும் முறியடிக்க முடியவில்லை. நம் புதுக்கோட்டைச் சீமையின் லட்சுமணன் 2017-இல் புவனேசுவரத்தில் நடந்த ஆசியப் போட்டியில் 5,000 மீட்டர், 10,000 மீட்டர் இரண்டிலும் தங்கம் வென்றார். அதே சீமையின் சூர்யா 2016-இல் குவாஹாட்டியில் நடந்த தெற்காசியப் போட்டியில் அவ்விரண்டு தூரங்களிலும் தங்கம் கொண்டுவந்தார். இவர்கள் வானத்திலிருந்து குதித்தவர்கள் அல்லர். ஏதோ ஓர் ஊரின் சாலையில், விடியுமுன் ஓடப் பழகியவர்கள்.

பெரிய ஸ்டேடியம் கட்டித் தரும்படி நாம் கேட்கவில்லை. ஒரு நீண்ட சாலையைக் காலை ஐந்து முதல் ஆறு வரை வண்டிகளுக்கு அடைத்து வைக்கலாம். விளக்குகளைப் பழுது பார்த்து எரியவிடலாம். ஏதேனும் ஓர் ஏரிக்கரையைச் சமப்படுத்திக் கொடுக்கலாம். மாநகராட்சிக்கு இது பெருஞ்செலவல்ல. ஊராருக்கும் ஒரு வேலை உண்டு: ஓடும் பெண்ணை வேடிக்கை பார்க்காமல் வழிவிடுவது. ஒரு நாளைக்கு இருபது நிமிஷம், குறுக்கீடு இல்லாத ஒரு சாலை. நம் குழந்தைகளுக்கு அதைக் கொடுத்துவிட்டால், காலப்பிரமாணத்தை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.