விலை சொல்லும் வாய்

தமிழில் 'பொருள்' என்னும் ஒரே சொல் செல்வத்தையும் குறிக்கும். சொல்லின் கருத்தையும் குறிக்கும். வள்ளுவப் பெருந்தகை முப்பாலின் நடுவில் வைத்த பொருட்பாலில் 70 அதிகாரங்கள் உள்ளன. ஏனைய இரு பால்களினும் அதுவே பெரிது. 'பொருள் செயல்வகை' என்று பொருளீட்டுதற்கெனவே ஓர் அதிகாரமும் அதில் உண்டு. அவ்வாறிருக்க, பணத்தைப் பற்றி வாய்திறந்து பேசுவதே இழிவு என்னும் எண்ணம் நம் இல்லங்களில் எப்போது குடிபுகுந்ததோ, அறியேன். வறுமைக்கு மழையின்மையும் முதலின்மையும் காரணங்களே. ஆயினும் பணத்தைக் குறித்து மனத்தில் ஊறிவிட்ட நம்பிக்கையும் ஒரு காரணம் என்பதற்கு, நாம் வாழும் இந்தச் சேலம், நாமக்கல் சமவெளியே சான்று பகரும்.

எங்கள் அத்தா சேலத்தில் சிறிய அளவில் முட்டை வியாபாரம் செய்தவர்கள். 1980-ஐ ஒட்டிய ஆண்டுகளைப் பற்றி அவர்கள் அடிக்கடி கூறும் செய்தி ஒன்றுண்டு. நாமக்கல் பக்கத்துப் பண்ணைக்காரர் (நாமக்கல் அன்று சேலம் மாவட்டத்தின் ஒரு பகுதி, தனி மாவட்டமானது 1997-இல்) முட்டை அட்டைகளைக் கடை வாசலில் இறக்கிவைத்துவிட்டுத் தோள் துண்டால் முகத்தைத் துடைத்தபடி, "இன்னைக்கு என்ன வெலைங்க பாய்?" என்று கேட்பாராம்.

கேள்வியைச் சற்றே உற்று நோக்குங்கள். வாங்க வந்தவர் கேட்க வேண்டிய கேள்வி அது. விற்க வந்தவர் கேட்டார். தீவனம் அவருடையது; கோழி அவருடையது; நள்ளிரவில் எழுந்து கொட்டகையைச் சுற்றிவந்த உழைப்பும் அவருடையது. விலை மட்டும் பிறருடையது! இதில் வியாபாரியை மட்டும் குறை கூறிப் பயனில்லை. முட்டை காத்திருக்காது, கெட்டுப்போகும். தீவனக்காரருக்குத் தர வேண்டிய பாக்கியும் காத்திருக்காது. ஒவ்வொருவரும் தனித்தனியே வந்து நின்றனர். எல்லாவற்றுக்கும் மேலாக, "விலை சொல்வது வியாபாரி வேலை" என்பதை அவர்கள் பருவமழையைப் போல மாற்றவியலாத ஒன்றாகவே கருதினர்.

அந்த நம்பிக்கையைத்தான் டாக்டர் பி.வி.ராவ் அசைத்தார். வெங்கடேசுவரா ஹேச்சரீஸ் நிறுவனத்தைத் தோற்றுவித்த அவர், அடக்க விலைகூடக் கிடைக்காமல் நாடெங்கும் பண்ணைகள் நலிந்துவந்த வேளையில், ஊர் ஊராகச் சென்று பண்ணையாளர்களைக் கூட்டிப் பேசினார். 1982-இல் தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு உருவாயிற்று. 'என் முட்டை, என் விலை, என் வாழ்வு' என்பதே அதன் முழக்கம். அதுமுதல் பண்ணையாளரின் அமைப்பே விலையை அறிவித்தது. இன்றும் நாளிதழ்களில் 'நாமக்கல் மண்டல முட்டை விலை' என்று வருவது அதன் தொடர்ச்சியே. அத்தா சொல்வார்கள்: "அதுக்கப்புறம் நாங்கதான் வெல கேட்டோம்." அதைச் சொல்லும்போது அவர்கள் முகத்தில் வருத்தத்தை நான் கண்டதில்லை. தமக்குக் கிடைத்து வந்த ஆதாயம் குறைந்தபோதும், அதில் ஒரு நியாயம் இருப்பதாகவே அவர்கள் எண்ணினார்கள்.

எண்ணம் மாறினால் எல்லாம் மாறும் என்று மேடைகளில் முழங்குவோர் உளர். அவர்களுக்கு 'மைனஸ்' என்னும் சொல்லை நாமக்கல் கற்பிக்கும். அறிவித்த விலையிலிருந்து இத்தனை காசு குறைத்தே எடுப்போம் என்று வியாபாரிகள் பேரம் பேசியதற்கு அங்கே வழங்கிவந்த பெயர் அது. தேக்கம் மிகுந்தபோது மைனஸ் வளர்ந்தது. 2006-இல் மகாராட்டிர மாநிலம் நவாப்பூரில் பறவைக் காய்ச்சல் கண்டபோது, நோயே வராத நாமக்கல்லிலும் விலை சரிந்தது. மனவுறுதி மட்டும் முட்டையை விற்றுத் தராது. எனினும், கழிக்கப்படுவதற்குக்கூடத் தனக்கென ஒரு விலை இருக்க வேண்டுமல்லவா? 1982-க்கு முன் அது இல்லை.

சேலத்து ஜவ்வரிசியின் கதையும் ஏறத்தாழ இதுவே. இரண்டாம் உலகப் போரில் வெளிநாட்டு வரத்து நின்றபோது, குச்சிக்கிழங்கு மாவைக் கொண்டு மாணிக்கம் செட்டியார் முதலியோர் இங்கே தொடங்கிய தொழில் அது. சரக்கை இருப்பு வைக்க இடமின்றி, முன்பணம் தந்த வியாபாரி சொன்ன விலைக்கே ஆலைக்காரர் விற்றுவந்தனர். 1981-இல் சேகோசர்வ் கூட்டுறவு அமைப்பு தோன்றிக் கிடங்கும், இருப்பின்மீது முன்பணமும், ஏல விற்பனையும் அமைத்த பின்னரே அவர்களால் சற்றுக் காத்திருக்க முடிந்தது. காத்திருக்க முடிந்தவனே விலை சொல்ல முடியும்.

இனி நம் சமுதாயத்துப் பெரியவர்களின் முன்னிலையில் ஒன்று சொல்லத் துணிகிறேன். வட்டியை விலக்குவது நம் மார்க்கம், அதில் மறுபேச்சில்லை. ஆனால் வட்டியோடு சேர்த்துக் கணக்கையும் நாம் விலக்கிவிட்டோமோ என்று ஐயுறுகிறேன். அண்ணன் தம்பிக்குள் எழுதி வைத்தால் அவமதிப்பு. மைத்துனரிடம் ரசீது கேட்டால் உறவு முறியும் என்று அஞ்சுகிறோம். திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம், அல்பகரா அத்தியாயத்தின் 282-ஆம் வசனம், எதைப் பற்றியது? கடன் கொடுக்கல் வாங்கலைச் சாட்சி வைத்து எழுதிக்கொள்வதைப் பற்றியது. எழுதாமல் விட்ட கணக்குகளால் பிரிந்துபோன கூட்டு வியாபாரங்களை நம் தெருக்களிலேயே எண்ணிக் காட்டலாம்.

சென்ற ஆண்டு பொருட்பால் வகுப்பு முடிந்தபின் ஒரு மாணவி தயங்கி நின்றாள். அவளுடைய தாயார் வெள்ளிக் கொலுசுப் பட்டறையிலிருந்து வேலையை வீட்டுக்கு வாங்கிவந்து பற்றவைத்துக் கொடுப்பவர். எடைக்குக் கூலி. வாரக் கடைசியில் முன்பணப் பிடித்தம் போகக் கையில் வைப்பதே கூலி. "எடை எவ்வளவுன்னு அம்மா கேக்கவே மாட்டாங்க ஐயா. கேட்டா நம்பலைன்னு ஆயிடுமாம்" என்றாள். பண்ணைக்காரரின் பழைய கேள்வியையும் அத்தாவின் மறுமொழியையும் அவளுக்குச் சொன்னேன். மறுநாளே நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி, தேதி, கொண்டுவந்த எடை, கொடுத்த எடை, கூலி, பிடித்தம் என்று கோடு போட்டுவிட்டாள். தாய் சொல்லச் சொல்ல மகள் எழுதுகிறாள். முதல் மூன்று வாரங்களில் இரண்டில் கணக்குச் சரியாக இருந்ததாம், ஒன்றில் இல்லையாம்.

தாயார் இன்னும் அதைப் பட்டறையில் காட்டவில்லை. ஆனால் சனிக்கிழமைதோறும் கூலி வாங்கச் செல்லும்போது பையில் அந்த நோட்டை எடுத்து வைத்துக்கொள்கிறாராம்.