லினக்ஸ் டெர்மினல்: எந்த அமைப்பு எந்தக் கோப்பில்?

லினக்ஸில் டெர்மினலைத் திறந்தால் பயனருடன் பேசுவது ஷெல் என்னும் நிரல். பெரும்பாலான லினக்ஸ் வகைகளில் அது பாஷ். கட்டளைகளை எந்தெந்த அடைவுகளில் தேடுவது, எந்த எடிட்டரைத் திறப்பது, நீண்ட கட்டளைக்கு என்ன சுருக்கப்பெயர் என்பவற்றையெல்லாம் அது தொடங்கும்போதே சில கோப்புகளிலிருந்து படித்துக்கொள்கிறது. இவற்றில் ஒன்றை மாற்ற நினைப்பவருக்கு என்ன எழுதுவது என்பது எளிதில் கிடைத்துவிடும். எந்தக் கோப்பில் எழுதுவது என்பதில்தான் தடுமாற்றம்.

இந்தத் தடுமாற்றத்தின் வேர் 1970களில் இருக்கிறது. அன்று யூனிக்ஸ் கணினி ஒன்று, அதனுடன் இணைந்த டெர்மினல்கள் பல. கெட்டி என்ற நிரல் பயனர்பெயரைக் கேட்கும். லாகின் என்ற நிரல் கடவுச்சொல்லைச் சரிபார்த்து, அந்தப் பயனருக்குரிய ஷெல்லைத் தொடங்கிவைக்கும். அப்போது ஷெல்லின் பெயருக்கு முன்னால் ஒரு சிறுகோட்டைச் சேர்த்துக் கொடுக்கும். தான் உள்நுழைவு ஷெல் என்பதை ஷெல் அந்தக் கோட்டைப் பார்த்தே அறிந்துகொள்கிறது. 1979இல் ஏழாம் பதிப்பு யூனிக்ஸுடன் வந்த ஸ்டீபன் பார்னின் ஷெல், உள்நுழையும்போது ‘.ப்ரொஃபைல்’ கோப்பைப் படித்தது. பில் ஜாய் எழுதிய சி ஷெல்லோ உள்நுழைவுக்கு ஒரு கோப்பும், திறக்கும் ஒவ்வொரு ஷெல்லுக்கும் இன்னொரு கோப்புமாக வைத்துக்கொண்டது. குனு திட்டத்துக்காகப் பிரையன் ஃபாக்ஸ் எழுதி 1989இல் வெளிவந்த பாஷிலும் இந்தப் பிரிவினை இருக்கிறது.

பாஷின் விதி இதுதான். உள்நுழைவு ஷெல்லாகத் தொடங்கினால் ‘/எட்சி/ப்ரொஃபைல்’ கோப்பை முதலில் படிக்கும். பிறகு பயனரின் அடைவில் ‘.பாஷ்_ப்ரொஃபைல்’, ‘.பாஷ்_லாகின்’, ‘.ப்ரொஃபைல்’ என்ற வரிசையில் தேடி, முதலில் கிடைப்பதை மட்டும் படிக்கும். சாதாரண ஷெல்லாகத் தொடங்கினால் ‘.பாஷ்ஆர்சி’ போதும். எனவே ஏதோ ஒரு மென்பொருள் நிறுவும்போது புதிதாக ‘.பாஷ்_ப்ரொஃபைல்’ உருவாகிவிட்டால், ‘.ப்ரொஃபைல்’ கோப்பில் இருந்தவை எல்லாம் சத்தமில்லாமல் செயலிழக்கும். தொலைவில் உள்ள கணினிக்குள் எஸ்எஸ்ஹெச் வழியாக நுழைந்தால் கிடைப்பது உள்நுழைவு ஷெல். உபுண்டு திரையில் திறக்கும் டெர்மினல் சாளரத்தில் இருப்பது சாதாரண ஷெல். மேக் கணினியின் டெர்மினலோ ஒவ்வொரு முறையும் உள்நுழைவு ஷெல்லையே திறக்கிறது. மேக் பயனர் எழுதிய குறிப்பை உபுண்டுவில் அப்படியே பின்பற்றுபவருக்குப் பலன் கிடைக்காமல் போவது இதனால்தான்.

கோப்புகளின் பெயர்களை மனப்பாடம் செய்வதைவிட, எது அடுத்த நிரலுக்குக் கைமாறும், எது மாறாது என்று பார்ப்பது எளிது. ஏற்றுமதி செய்யப்பட்ட சூழல் மாறிகள், ஒரு நிரல் தொடங்கும் மற்ற நிரல்களுக்கும் தாமாகவே போய்ச் சேரும். ஆகவே கட்டளைத் தேடல் பாதை, எடிட்டர், மொழி ஆகியவற்றை உள்நுழையும்போது ஒருமுறை சொன்னால் போதும். அவற்றுக்கு இடம் ‘.ப்ரொஃபைல்’. சுருக்கப்பெயர்களும் கட்டளைக்குறியின் தோற்றமும் அப்படிக் கைமாறுவதில்லை. ஒவ்வொரு ஷெல்லும் புதிதாகப் படித்தாக வேண்டியவை என்பதால் அவற்றுக்கு இடம் ‘.பாஷ்ஆர்சி’. உள்நுழைவுக் கோப்பே ‘.பாஷ்ஆர்சி’ கோப்பையும் அழைத்துவிட்டால் இரண்டு வழியும் ஒன்றாகிவிடும். டெபியனும் உபுண்டுவும் புதிய பயனருக்குத் தரும் ‘.ப்ரொஃபைல்’ கோப்பிலேயே இந்த இணைப்பு உண்டு.

கணினி முழுமைக்குமான அமைப்புகளை ‘/எட்சி/ப்ரொஃபைல்.டி’ அடைவில் தனித்தனிச் சிறு கோப்புகளாக வைக்கலாம். ஒன்றை நீக்கினாலும் மற்றவை கலையாது. ‘/எட்சி/என்விரான்மென்ட்’ இன்னும் எளிது. பெயர், சமக்குறி, மதிப்பு என்று வரிக்கு ஒன்றாக எழுதினால் போதும். அதைப் படிப்பது ஷெல் அல்ல, உள்நுழைவைக் கவனிக்கும் பாம் என்ற அமைப்பு. அதனால் ஷெல் இலக்கணம் அங்கே செல்லாது. 2005இல் வெளிவந்த ஃபிஷ் ஷெல் வேறு வழியில் போனது. பயனருக்கு ஒரே முதன்மை அமைப்புக் கோப்பு. நிறங்களையும் கட்டளைக்குறியையும் உலாவியில் பார்த்தே தேர்ந்தெடுக்கலாம். பாஷுக்காக எழுதிய வரிகள் பல அதில் ஓடாது என்பது இதற்குத் தர வேண்டிய விலை.

எந்தக் கோப்பைத் திருத்தினாலும் முன்னதாக ஒரு நகல் எடுத்துக்கொள்வது நல்லது. உள்நுழைவுக் கோப்பில் ஷெல்லை முடித்துவிடும் ஒரு வரி தவறி விழுந்தால், நுழைந்த கணமே வெளியே வர நேரும். ஆகவே திறந்திருக்கும் டெர்மினலை மூடாமல், ‘பாஷ் --லாகின்’ கொடுத்துச் சோதித்துப் பார்க்க வேண்டும். ‘பாஷ் --நோப்ரொஃபைல் --நோஆர்சி’ என்று கொடுத்தால் இந்தக் கோப்புகள் எதையும் படிக்காத வெற்று ஷெல் கிடைக்கும். ‘.பாஷ்ஆர்சி’ கோப்பில் வரவேற்பு வாசகம் அச்சிடுவதும் ஆபத்து. எஸ்எஸ்ஹெச் வழியே வரும் தொலைக் கட்டளைகளுக்கும் பாஷ் அந்தக் கோப்பைப் படிப்பதால், கோப்பு அனுப்பும் எஸ்சிபி குழம்பிவிடும். டெபியன் தரும் ‘.பாஷ்ஆர்சி’ கோப்பின் தலைப்பகுதியில், எதிரே ஆள் இல்லையென்றால் அங்கேயே நிறுத்திக்கொள்ளச் சொல்லும் வரிகள் இருப்பது இதற்காகவே.

இவ்வளவு இருந்தும் ஒரு வசதி பாஷில் இல்லை. கிட் மென்பொருளிடம் கேட்டால் ஓர் அமைப்பு எந்தக் கோப்பிலிருந்து வந்தது என்று காட்டிவிடும். பாஷிடம் ஒரு சூழல் மாறியின் மதிப்பைக் கேட்கலாம்; அதை எந்தக் கோப்பு வைத்தது என்று கேட்க நேரடிக் கட்டளை கிடையாது. ஓடும் வரிகளையெல்லாம் தடம்காட்டச் சொல்லி, அந்த நீண்ட பட்டியலில் பயனரே தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். சாதாரணப் பயனருக்காக டெர்மினல் அமைப்பை எளிதாக்க முனைபவர்கள் முதலில் கைவைக்க வேண்டிய இடம் அது.